பிள்ளையாருக்குப் பின்னால்

கடைசி ஸ்குரு வர மறுத்தது.

பன்னிரண்டு வந்துவிட்டன. இது மட்டும் வண்டிக்காரரைப் போலவே இருந்தது. திருகினால் சுற்றும். இடத்தை விட்டு அசையாது.

பிக்கப்பின் டேஷ்போர்டு வெடித்துக் கிடந்தது. சாதாரண வெடிப்பு இல்லை. ஸ்டியரிங் பக்கம் வருசநாட்டு மலையில் பிறந்து, ரேடியோவைச் சுற்றிக்கொண்டு, இடது கோடியில் ராமநாதபுரம் கண்மாயில் போய்ச் சேர்ந்தது. வைகை வறண்ட வருஷங்களிலும் இது மட்டும் வற்றாமல் ஓடியது.

வண்டிக்கு இருபத்திரண்டு வயது. வாழைத்தார் சுமந்தே முதுகு வளைந்துபோனது. கம்பத்தில் கிளம்பினால் தேனியில் தொட்டில் குழந்தை அழும்.

வெடிப்பை மறைக்க அவர் முதலில் ஒரு பிள்ளையாரை ஒட்டினார். பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. வெடிப்பு நீண்டது. பக்கத்தில் முருகனை நிறுத்தினார். அதற்கும் அடங்கவில்லை. கருப்பசாமி வந்தார். மாதாவையும் கூப்பிட்டார்.

கடைசியில் ஏழு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

இப்போது அந்த ஏழு பேரும் மஞ்சப்பைக்குள் இருந்தார்கள். பை, ஷெட்டு வாசலில் தேய்ந்த டயர் மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் மடியில் இருந்தது.

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். சீர் ஏற்றிப் போகிற வண்டி மூளியாக இருக்கக் கூடாது.

அது அவர் கட்டளை.

பந்தல், தாய்மாமன் இல்லாமல் மூளியாக இருக்கலாம்.

அதுவும் அவர் கட்டளைதான்.

தாய்மாமன் பெயர் வீரணன். அவளுக்கு ஒரே தம்பி. இவர்கள் கல்யாணத்தில் மச்சான் மோதிரம் போட்டவன். அந்த ஒரு பவுனுக்காக இரண்டு வருஷம் செங்கல் சூளையில் வெந்தவன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் குமுளி மலைப்பாதையில் டயர் பஞ்சர். கையில் அழுக்குப் படும் என்று மோதிரத்தைக் கழற்றிப் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டு இறங்கினார். சரிவு என்பதால் வீரணன் உள்ளேயே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். மச்சான் மேல் வண்டி உருண்டுவிடக் கூடாது என்ற பயம் அவனுக்கு.

ஜாக்கி ஏற ஏற வண்டி சாய்ந்தது.

டயரை மாட்டிவிட்டு வந்து பார்த்தார். மோதிரம் இல்லை.

போட்டவனே கழற்றிக்கொண்டான் என்றார். அவன் சட்டைப்பையைத் துழாவினார். வேட்டி மடிப்பைத் துழாவினார். செருப்பைக்கூட உதறினார். தலையைக் கழற்றிப் பார்க்க வழி இருந்திருந்தால் அதையும் பார்த்திருப்பார்.

ஊருக்கு வந்ததும் வண்டிக் கதவைத் திறந்துவைத்து, பிள்ளையார் முன்னால் டேஷ்போர்டிலேயே கற்பூரம் கொளுத்தினார். எடுக்கவில்லை என்றால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். தெருவே நின்றது. பாதித் தெரு சாப்பாட்டுத் தட்டோடு நின்றது.

வீரணன் எரிகிற கட்டியை உள்ளங்கையால் அறைந்து அணைத்தான். உருகிய பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அவர் நம்பவில்லை. களவாண்டு மரத்துப்போன கைக்கு எப்படிச் சுடும் என்றார்.

வெடிப்பின் ஓரத்தில் இன்னும் அந்தக் கறுப்பு இருந்தது. உள்ளங்கை அளவு.

பதினோரு வருஷத்தில் அவள் தம்பிக்காக இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டாவது தடவை போன வாரம், கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடலாமா என்று. திருட்டுப்பயல் பெயருக்கு மை செலவழிக்க முடியாது என்று பதில் வந்தது.

கடைசி ஸ்குரு விட்டுக்கொடுத்தது.

ஃபிட்டர் சிக்கந்தர் டேஷ்போர்டை அப்படியே தூக்கினான். உள்ளே இருபத்திரண்டு வருஷக் குப்பை. பத்திக் குச்சிகள், சுண்டிய எலுமிச்சை, சோதனைச்சாவடிச் சீட்டு. நாலு தலைமுறை எலிகள் அங்கே பிறந்து, படித்து, வெளிநாட்டு வேலைக்கே போயிருக்கும்.

பிள்ளையார் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கறுப்புக்கு ஒரு சாண் அடியில், தூசிக்குள் ஒரு வட்டம்.

சிக்கந்தர் எடுத்து ஊதினான். மினுங்கியது.

ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. அவனுக்கும் தெரியும். அவரிடம் நீட்டினான்.

வாஷர் என்றார் அவர். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாசலில் மஞ்சப்பை ஒரு தரம் சலசலத்தது.

மாற்று டேஷ்போர்டு மதுரைக் காயலாங்கடையில் வாங்கியது. கீறல் இல்லை. சிக்கந்தர் துடைத்த துடைப்பில் காக்கை வந்து முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பதிமூன்று ஸ்குருவும் இறுகின. அவர் மாட்டைத் தட்டுவதுபோல் அதைத் தட்டிக்கொடுத்தார். பிள்ளையாரை ஒட்டச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்து வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பைக்குள் கைவிட்டாள்.

எடுத்தது பிள்ளையாரை இல்லை. புது டேஷ்போர்டுக்குச் சூடம் காட்டவென்று கொண்டுவந்திருந்த கற்பூரப் பொட்டலத்தை.

தட்டு கேட்கவில்லை. ஒரு கட்டியை எடுத்து, பழையதில் கறுப்பு இருந்த அதே இடத்தில் வைத்தாள். கொளுத்தினாள்.

ஷெட்டுக்குள் காற்றில்லை. சுடர் நேராக நின்றது.

"என்ன கெடச்சுதுன்னு சொல்லிட்டு அணைங்க."

சிக்கந்தர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

பளபளப்பு மெல்லக் குழிய ஆரம்பித்தது. பிளாஸ்டிக் வாடை எழுந்தது. அந்த வாடை அவருக்குத் தெரியும்.

சட்டைப்பையை நோக்கிப் போன வலது கை, பாதியில் நின்றது.

அவர் அதை விரித்துப் பார்த்தார்.

ஒரு தழும்பும் இல்லை.