மனுதாரரே பொறுப்பு

இருத்தலியல் தத்துவம் அரசின் கொள்கையானதிலிருந்து, குடிநீர் அலுவலகக் குமாஸ்தாவுக்கு வேலை சுலபமாகிவிட்டது.

“பத்து நாளா ஊர்ல தண்ணி வரல சார்” என்று மனுவை நீட்டினார் வந்தவர்.

“அவங்கவங்க வாழ்க்கைக்கு அவங்கவங்கதான் பொறுப்புன்னு சட்டமே வந்தாச்சு. அப்ப இதுக்கு யார் பொறுப்பு?”

“நான்தான் சார்.”

இவ்வளவு சீக்கிரம் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ‘மனுதாரரே பொறுப்பு’ என்று முத்திரை குத்திய குமாஸ்தா, பத்து நாளாகக் குளிக்காத கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்: “என்ன வேலை பாக்குறீங்க?”

“தண்ணி டேங்க்ல வால்வு திறக்கிறது நான்தான். இனிமே உத்தரவு கிடையாது, நீயே முடிவெடுன்னுட்டாங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், எதுக்குத் திறக்கணும்னே பிடிபடல. நீங்களாவது ‘திறய்யா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.”

குமாஸ்தா வறண்ட உதட்டை நக்கிக்கொண்டார்.

“சொல்லலாம். அப்புறம் நான்ல பொறுப்பாயிடுவேன்?”