ஏழாவது பொட்டலம்

ஒரே ஒரு ஊராம். அந்த ஊரில் ஓர் ஆஸ்பத்திரியாம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவாம். ஊர் திருச்சினாப்பள்ளி. டாக்டரம்மா பெயர் லூர்துராணி.

யுத்தத்தில் கப்பல் நின்றுபோய், சீமை மாத்திரை வரவில்லை. அதனால் கழுத்துச் சுரப்பி வேலை செய்யாதவர்களுக்கு லூர்துராணியே ஆய்வுக்கூடத்தில் பொடி தயாரித்தாள். எவ்வளவு கொடுத்தால் நாடி எவ்வளவு ஏறுகிறது என்று பதினோரு பேருக்கு நோட்டுப் போட்டு எழுதிவந்தாள்.

சட்டம் ஒன்றுதான். வாரத்துக்கு ஏழு பொட்டலம். சனிக்கிழமை ஏழு வெற்றுக் காகிதமும் திரும்பி வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் பெயரை அடித்துவிடுவாள். பொடி, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை, ஸ்ரீரங்கம் சௌரிராஜன் தன் மனைவி செண்பகவல்லியின் காகிதங்களை மேஜைமேல் வைத்தான். ஆறுதான் இருந்தன.

“ஏழாவது எங்கே?”

“தொலைஞ்சுபோயிடுத்து டாக்டர்.”

“நீங்க ஸ்கூல் வாத்தியார். பையன் இப்படிச் சொன்னா நம்புவீங்களா?”

அதற்குள் வாசலில் கறிக்கடை ஹபீபுல்லா வந்து நின்றார். கையில் துணி கட்டிய டப்பா.

“இதை எங்கேம்மா வைக்கட்டும்? அடுத்த வாரத்தோட சரி. புரட்டாசி பொறந்தா கறி எடுக்க ஆள் வராது. கடையை மூடிடுவேன்.”

“அப்ப என் நோயாளிங்க?”

“அதை அந்தப் பெருமாளைத்தான் கேக்கணும்.”

“வராந்தாவில இருங்க, வரேன்.”

அவர் நகர்ந்ததும் சௌரிராஜன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“செவ்வாய்க்கிழமை அப்பா திவசம். அன்னிக்குப் போய் ஆட்டுப் பொடியை அவ வாயில போட எனக்கு மனசு வரலை. ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். மறுநாள் பாத்தா இல்லை. அம்மா கையிலதான் மாட்டியிருக்கணும்.”

“அம்மாகிட்ட இது என்னன்னு சொல்லியிருக்கீங்க?”

“இமயமலை வேர்னு. செண்பகத்துகிட்டயும் அப்படித்தான்.”

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினாள்.

“நாலு மாசம் முன்னாடி உங்க மனைவி எப்படி வந்தாங்க? சித்திரை வெயில்ல கம்பளி போர்த்திக்கிட்டு, முகம் வீங்கி, நாடி நாற்பத்தெட்டு. இப்ப அறுபத்தாறு. நிறுத்தினா திரும்ப அங்கேயே போவாங்க. இன்னொரு தடவை இருதயம் தாங்காது.”

“தெரியும் டாக்டர். ஆனா அம்மாவை உங்களுக்குத் தெரியாது. வியாதிக்காரின்னு நாலு மாசமா செண்பகத்தை அடுப்பங்கரைப் பக்கமே விடறதில்லை. ரேழியில தனியா இலை போடறா. தெருவே சிரிக்கறது. இது மாமிசம்னு தெரிஞ்சா, அவளை வீட்டிலயே வெச்சுக்கமாட்டா.”

வாசலில் ஜட்கா வந்து நின்றது.

இறங்கியவள் கோதைநாயகி, சௌரிராஜனின் அம்மா. வெளுத்த புடவை, கழுத்தில் துளசி மணி. தன் நிழல்கூட அவள்மேல் படவேண்டாம் என்று ஹபீபுல்லா சுவரோடு ஒண்டிக்கொண்டார்.

“அம்மா, நீ எதுக்கு இங்கே...”

“நீ பேசாதே.” டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். “அந்தப் பொடி எதில பண்றேள்?”

“வேரும்மா, சொன்னேனே...”

“உன்னைக் கேக்கலை.”

லூர்துராணி பேனாவை மூடினாள். ஒரு பொய் போதும். அது வாயில் வரவில்லை.

“ஆட்டோட கழுத்துச் சுரப்பிம்மா. காயவெச்சு இடிச்சது.”

சௌரிராஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கோபம்னா என்மேல காட்டுங்க” என்றாள் டாக்டரம்மா. “அந்தப் பொண்ணைத் தள்ளி வெச்சிருக்கிறது போதாதா? ஏழாவது பொட்டலத்தை எங்கே கொட்டினீங்க?”

கோதைநாயகி இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். வெற்றுக் காகிதம். நாலாய் மடித்திருந்தது.

“அவ வாயில.”

சௌரிராஜன் கண்ணைத் திறந்தான்.

“திவசத்தன்னிக்கு இந்த அசடு ஒளிச்சு வெச்சுட்டான். நான்தான் தேன்ல குழைச்சுக் கொடுத்தேன். காகிதம் குறைஞ்சா பேரை அடிச்சுடுவேளாமே, செண்பகம் சொல்லுவா. இவன் என்கிட்ட கேக்காமலே கிளம்பி வந்துட்டான். அதான் கொண்டுவந்தேன்.”

“அப்பா திவசத்திலயாம்மா?”

“அவர் கோச்சுண்டா நான் பேசிக்கறேன்.”

“உனக்கு எப்போ தெரியும்?”

“இந்த மூக்கு அந்த வாடையே அறியாதுடா. அதனாலதான் முதல் பொட்டலம் பிரிச்சப்பவே தெரிஞ்சுடுத்து. டாக்டர் வாயால கேக்கணும்னு இருந்தது, கேட்டுட்டேன். பெருமாளுக்கு நான் தளிகை பண்ணிக்கறேன், அவ மருந்தைச் சாப்பிட்டுண்டு ஒரு ஓரமா இருக்கட்டும்னுதான் அடுப்பங்கரைக்கு வரவேண்டாம்னேன். அவகிட்ட உளறிவெக்காதே. தெரிஞ்சா முழுங்கமாட்டா. போ, வண்டியில ஏறு.”

சௌரிராஜன் போனான். டாக்டரம்மா ஏழாவது காகிதத்தை மற்ற ஆறோடு சேர்த்துக் கட்டினாள். நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

கோதைநாயகி வராந்தாவுக்கு வந்தாள். ஹபீபுல்லா டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதே வாடை எட்டியதும் அவள் நாலு முழம் தள்ளியே நின்றாள்.

“புரட்டாசியில உங்க கடை உண்டோ?”

“இல்லீங்கம்மா. உங்களுக்கெல்லாம் விரத மாசம். மரியாதையா மூடிடுவேங்க.”

கோதைநாயகியின் விரல் துளசி மணியைத் தொட்டு நின்றது.

“மூடாதீங்கோ” என்று மெல்லச் சொல்லிவிட்டு, வண்டியை நோக்கி நடந்தாள்.