மேடையில் ஐம்பது கிலோ

"ஒயர் மாட்டியாச்சுங்களா?" என்று மேனேஜர் அர்ச்சுனன் காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

கரும்பாலையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடையிலிருந்து ஒயர் இழுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டர்களோடு இணைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். கம்பைநல்லூர்ப் பக்கம் அப்போது கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. முதலாளி, நம்ம மேனேஜருக்கு என்ன முன்யோசனை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

முன்யோசனையாவது மண்ணாவது. அர்ச்சுனனுக்கு அந்த மேடைப் பக்கம் போகப் பயம். எடையை ரூமில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டால் அங்கே கால் வைக்க வேண்டியதில்லை.

போன வருடம் மேடையில் கொட்டிக் கிடந்த கரும்புச் சோகைச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தான் கூட்டுகிற ஆள் மாது. அவசரத்தில் பின்னால் பார்க்காமல் லாரிக் கதவைத் தட்டி, பின்னுக்கு எடுக்கச் சொன்னவர் அர்ச்சுனன். சக்கரம் ஏறி மாது அங்கேயே செத்துப்போனான். குடித்துவிட்டுத் தானாக வந்து விழுந்தான் என்று போலீசில் சொன்னவரும் அவரே. மாது கள்ளைக் கையால்கூடத் தொட்டதில்லை.

அன்றிலிருந்து மேடை காலியாக இருந்தாலும் எடை காட்டும் பெட்டியில் ஐம்பது கிலோ நின்றது. எடை கிளார்க் காசிம் பாய் ஒவ்வொரு லாரிக்கும் ஐம்பதைக் கழித்துவிட்டுச் சீட்டு கொடுத்தார். வேலைக்கு வந்ததும் மேடையில் ஏறி நின்று எடை பார்த்துக்கொள்வது உயிரோடு இருந்தவரை மாதுவின் வழக்கம். எத்தனை கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டாலும் ஐம்பதைத் தாண்ட மாட்டேன் என்கிறாயே என்று பாய் கேலி செய்வார்.

பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினீயர் ஒயரை மாட்டினார். காலி மேடையில் ஐம்பதைப் பார்த்ததும் சிரித்தார். அடியில் சேறு ஏறியிருக்கும், இப்போது மேடைமேல் இருப்பதையே பூஜ்யம் என்று வைத்துவிடலாம் என்றார்.

காசிம் பாய் தயங்கினார். "அது சேறு இல்லீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்ங்க."

பூஜ்யத்தைப் போடுங்கள் என்று அர்ச்சுனன் ரூமிலிருந்தே போனில் சத்தம் போட்டார்.

இன்ஜினீயர் பொத்தானை அமுக்கினார். அர்ச்சுனனின் மேசைத் திரையில் பச்சையாகப் பூஜ்யம் வந்து நின்றது. ஒரு வருடமாக நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தது போய்விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. இன்ஜினீயருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, தானே பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

சாயங்காலம் கடைசி லாரியும் போனபின், சும்மா திரையைப் பார்த்தார். பூஜ்யத்தைக் காணோம். ஐம்பது நின்றது.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஐம்பதுக்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு இருந்தது. போனை எடுத்தார்.

"பாய், மறுபடியும் அம்பது காட்டுது. மேடையில யாராச்சும் ஏறி நிக்கறாங்களா?"

"யாரும் ஏறலீங்க. இங்கயும் அம்பதுதாங்க. முன்னாடி ஒரு கோடு போட்டிருக்குது."

"அது மிஷின் கோளாறுதானே?"

காசிம் பாய் நிதானமாகச் சொன்னார். அந்தக் கோடு வந்தால் பூஜ்யத்துக்கும் கீழே என்று அர்த்தம். பூஜ்யம் போடும்போது மேடையில் இருந்தது எதுவோ, அது அங்கே இல்லாமல் போனால்தான் அவ்வளவு குறையும்.

அர்ச்சுனனுக்கு அது உடனே பிடிபடவில்லை. ரூமுக்கு வெளியே, சிமெண்ட் வராந்தாவில் யாரோ சர்ர் சர்ரென்று சோகை கூட்டுகிற சத்தம் கேட்டது. இப்போது கூட்டுகிற ஆள் நாலு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தான்.

"என்ன பாய் சொல்றீங்க?"

"மாது எறங்கிட்டானுங்க சார்."