ஊர்ப் பூசை

கடத்தி விற்கப்பட்டு மீண்ட பெண்களுக்காகக் குவாத்தமாலா நகரத் தேவாலயம் நடத்தும் விடுதி அது. கல்லறைத் திருநாள் காலையிலும் பெர்லா ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மலையூர்த் தேவாலயப் பூசை அதில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கம்மாவுக்கு ஒரு போன் போடேன்டி," என்றாள் சமையல்கார ரமோனா, சோள ரொட்டி தட்டியபடி.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா பேசுறது? என்னை எப்பவோ தலைமுழுகியிருப்பாங்க."

"அப்புறம் எதுக்கு ஒரு பூசை விடாம கேக்கிற?"

"நடுநடுவுல எங்க ஊரு நாய் குரைக்கும்க்கா."

ரேடியோவில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். கடைசியாக, "தேடித் தேடியும் கிடைக்காத தெல்மீராவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, தாய் கிரிசாந்தா கண்ணீரோடு கேட்டுக்கொண்டது."

ரமோனா சிலுவை போட்டுக்கொண்டாள். "பாவம், யாரு பெத்த பொண்ணோ!"

பெர்லா எழுந்துவிட்டாள்.

"போனைக் குடுங்கக்கா. பெர்லாங்கிறது இந்த விடுதியில வச்ச பேரு. பூசை முடியறதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லணும், தெல்மீரா சாகலேன்னு."