அரைக் கட்டி வெண்ணெய்

"அரைக் கட்டி வெண்ணெய் போட்டாச்சு. போதுமா, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

மாமியார் சமையலறையிலிருந்து கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"தாராளமா போடு! நாளைக்கு பிக்னிக், சும்மாவா?" கூடத்திலிருந்து மாமனார்.

மருமகளுக்கு ஆத்திரமாக வந்தது. மனுஷனுக்கு மாரடைப்பு வந்து மூணு வருஷம்தான் ஆகிறது. வெண்ணெய், நெய் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். இந்தம்மா என்னடா என்றால் ஒவ்வொரு பிக்னிக்குக்கும் ஆப்பிள் இலவங்கப்பட்டை கேக் செய்கிறேன் பேர்வழி என்று வெண்ணெயைக் கொட்டுகிறார்!

இதில் மாவு கலக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வது வேறு. கேட்டால், "கண்ணு பட்டா கேக் உப்பாது" என்பார்.

"உங்க அம்மா உங்க அப்பாவை என்ன பண்றதா இருக்காங்க?" கணவனிடம் பொரிந்தாள்.

"டயட்னு சொன்னா அப்பா தட்டையே தள்ளிடுவார். உனக்குத் தெரியாதா? விடு. போன வாரம் டாக்டர் ரிப்போர்ட் நல்லா இருக்குன்னுதானே சொன்னார்?"

"அது நான் தினமும் அவரை நடக்க வச்சதால!"

ராத்திரி மாமியார் படுக்கப் போனதும் அவள் அடுப்படிக்குள் புகுந்தாள். தானே ஒரு கேக் செய்தாள். பாதி சர்க்கரை, கடையில் வாங்கி வைத்திருந்த நூறே நூறு கிராம் வெண்ணெய், தோலோடு துருவிய ரெண்டு ஆப்பிள், அளவாகப் பட்டைத்தூள். அதே மாதிரி நீள டின். வெந்து வந்ததும் மாமியாரின் கேக் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எது யாருடையது என்று செய்தவர்களே திணற வேண்டும்.

மறுநாள் காலை மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய நீல டப்பாவில் தன் கேக்கை வைத்தாள். மாமியாரின் கேக்கைத் தன் எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கூடையின் அடியில் புதைத்தாள்.

திருட்டுத்தனம்தான். ஆனாலும் உயிர் விஷயம்.

பூங்காவில் மரத்தடியில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தார்கள். நீல டப்பாவைத் திறந்து மாமியார் ஒரு பெரிய துண்டாக வெட்டிக் கணவரிடம் கொடுத்தார்.

மாமனார் ஒரு வாய் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னடி இது, இன்னைக்கு வேற மாதிரி இருக்கு? வாயில வழுக்கிட்டுப் போகுது!"

மருமகள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மாமியார் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் வெளிறிப்போனது. சட்டென்று கணவர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார்.

"இதைச் சாப்பிடாதீங்க! இது... இது சரியா வேகலை!"

கையோடு மருமகளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"டப்பாவை மாத்தினியா?"

"ஆமா அத்தை. மாமா உடம்புக்காகத்தான்..."

"எவ்வளவு வெண்ணெய் போட்டே?"

"நூறு கிராம்தான். நீங்க போடறதுல பாதிகூட இல்லை."

"நூறு கிராமா! அடிப்பாவி! மூணு வருஷமா ஒரு பொட்டு வெண்ணெய் அவர் வாயில படாம காப்பாத்திட்டு வரேன். ஒரே நாள்ல கெடுக்கப் பாத்தியே!"



"அப்போ... அந்த அரைக் கட்டி?"

"அது அவர் காதுக்கு. கதவைச் சாத்தினதும் திரும்ப ஃப்ரீசருக்குப் போயிடும். ஆப்பிளை வேகவச்சு மசிச்சு, ரெண்டு கரண்டி தயிர் விட்டா வெண்ணெய் எதுக்கு? பட்டைத்தூளை மட்டும் ரெண்டு மடங்கு போட்டுடுவேன், வாசம் ஆளைத் தூக்கும். டயட்னு சொன்னா, 'என்னை நோயாளி ஆக்கிட்டியா'ன்னு அன்னைக்கு முழுக்கப் பட்டினி கிடப்பார். வேற என்னதான் பண்ணச் சொல்றே?"

நெஞ்சில் மூணு வருஷமாக உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கினாற்போல இருந்தது மருமகளுக்கு. சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"சொந்தக்காரங்க எல்லாம் உங்களைக் கண்டபடி பேசினாங்களே அத்தை. நானும்தான் பேசினேன்."

"பேசினா பேசிட்டுப் போங்க. ஆளு நல்லா இருக்காருல்ல?" என்றவர் கை கழுவக் குழாயைத் திறந்தார்.

மருமகள் ஓடிப்போய் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மாமனாருக்கு ஒரு துண்டு வைத்தாள்.

"இந்தாங்க மாமா, வெந்த கேக்."

அவர் கடித்தார். கண்ணை மூடி ரசித்து மென்றார்.

"ஆங், இதுதான் நம்ம வீட்டுக் கேக்!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "குட்டு உனக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"மாமா!"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். வெண்ணெய்க் கட்டி உறைகூடப் பிரிக்காம கிடந்துச்சு. தேதியைப் பாத்தா, காலாவதியாகி மாசக்கணக்காச்சு."

"அப்புறம் ஏன் மாமா தெரியாத மாதிரியே இருக்கீங்க?"

"அந்த மாரடைப்புக்கு அப்புறம் அவ ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு என் மூச்சையே பாத்துக்கிட்டிருப்பாம்மா. என்னை ஏமாத்த ஆரம்பிச்ச பிறகுதான் நிம்மதியா தூங்கறா."

குழாயடியிலிருந்து மாமியார் திரும்பி வருவது தெரிந்தது. மாமனார் பூங்காவே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"அடுத்த தடவை முழுக் கட்டியையும் போட்டுடு! டாக்டர் கிடக்கார்!"