பல் டாக்டர் பார்த்த மதில்

அந்தப் பழைய நகரத்தின் கோட்டை மதில்முன் உலகமே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் மட்டும் சொத்தைப் பல்லைத் தேடுகிறவர்போல ஒவ்வொரு கல்லையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

“எவ்வளவு உயரம்ப்பா?”

“பத்து யானையை ஒண்ணு மேல ஒண்ணு நிக்க வைக்கலாம் சார்,” என்றார் கைடு.

“எதிரி ஏறி வர முடியுமா?”

“எதிரி என்ன, பல்லியே வழுக்கி விழும்.”

டாக்டருக்குப் பரம திருப்தி. “நாளைக்கு மேஸ்திரி வந்ததும் இதே மாதிரி கட்டச் சொல்லணும்,” என்றார் மனைவியிடம்.

“கட்டுங்க. விமானமெல்லாம் நம்ம வீட்டைச் சுத்திக்கிட்டுப் போகட்டும்.”

கைடு மிரண்டுபோனார். “உங்க பக்கம் திருட்டுப் பயம் அதிகமோ சார்?”

“திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல,” மனைவி முந்திக்கொண்டாள். “பக்கத்து வீட்டுல இவரோட கூடப் பிறந்த தம்பி இருக்கார். இவர் கட்டிக் குடுத்த பல்செட் ஆடுதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டார். அன்னியிலேர்ந்து பேச்சு இல்ல.”

டாக்டர் காதில் விழாதவர்போல் நடந்து, அடுத்தடுத்து இருந்த பெரிய வாசல்களில் ஒன்றின் முன் நின்றார்.

“இவ்வளவு பலமா கட்டிட்டு எதுக்குப்பா இத்தனை வாசல்?”

“வாசல் இல்லேன்னா எதிரியே வேண்டாம் சார். உள்ள இருக்கறவங்க தானா செத்துப்போயிருப்பாங்க.”

டாக்டர் அந்த வாசல் வழியாக ஒருமுறை வெளியே போய், திரும்ப உள்ளே வந்தார். பஸ்ஸில் ஏறியதும் மனைவியே கேட்டாள்.

“மேஸ்திரிகிட்ட என்ன சொல்லட்டும்?”

“மதில்ல ஒரு கதவு வைக்கச் சொல்லு.”

“தாழ்ப்பாள் நம்ம பக்கம்தானே?”

“அவன் பக்கம் இருக்கட்டும். நான் தட்டறேன்.”