சுத்தக்காரன்

“எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது, அண்ணாச்சி. உங்க மோளு சோறு தின்ன மாட்டாளாமே? வெள்ளிக்கிழமை தோறும் மனசு சரியில்லாதவங்க போற டாக்டர்ட்ட போறாளாமே?”

பெண் பார்க்க வந்த நாகம்மை உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள்.

பெண்ணின் அப்பா கிருஷ்ணமணியின் முகம் வாடிப்போயிற்று. இந்தச் சம்பந்தமாவது அமைந்துவிடும் என்று நம்பியிருந்தார். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் உப்பேரியும் தட்டில் கொண்டுவந்த மகள் அபிதாதான் பதில் சொன்னாள்.

“ஆமா அத்தை, போறேன். சோத்தக் கண்டாலே பயமா இருந்துது. இப்ப பரவால்ல, சாப்பிடுகேன்.”

“சோத்தக் கண்டு பயமா? பாம்பக் கண்டு பயப்படலாம், பல்லியக் கண்டு பயப்படலாம். இதென்ன கூத்து!” நாகம்மை குலுங்கிச் சிரித்தாள். “எங்க காலத்துல அம்மைக்க அகப்பைதான் டாக்டரு. முதுகுல ஒண்ணு வச்சா சோறு தன்னால உள்ள போவும்.”

“இந்த டாக்டரம்மா திட்டக்கூட மாட்டாங்க. மொத நாளு ஒண்ணுமே கேக்கல்ல. நான் அழுது முடிக்கது வர பக்கத்துல சும்மா இருந்தாங்க.”

“சும்மா இருக்கதுக்குப் பீஸு வேறயா? அதுக்கு நானே வந்து இருப்பேனே. சுக்குக் கஷாயம் ரெண்டு வேள குடி பிள்ளே, பசி வரும்.”

சோபாவின் ஓரத்தில் அவள் மகன் அனீஷ் தலைகுனிந்து இருந்தான். துபாய் வேலையை விட்டு ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. எத்தனையோ ஜாதகம் வந்தும், கட்டினால் இவளைத்தான் என்று பிடிவாதமாக நின்றவன் அவன். நாலு பேச்சில் அதை முறித்துவிட்டுப் போகவே நாகம்மை வந்திருந்தாள்.

“எனக்க மோனப் பாருங்க. வச்சத ஒரு பருக்க விடாமத் தின்பான். தின்ன உடனே குளிமுறிக்குள்ள போயிருவான். மழையோ குளிரோ, குளிக்காம இருக்க மாட்டான். அவ்வளவு சுத்தக்காரன். தின்னு மக்கா, இவியளும் பாக்கட்டும்.”

அனீஷ் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்தான். மெல்ல மெல்லக் கடித்து, கடைசித் துணுக்கு வரை தின்றான். அபிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்பதை இப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நாகம்மைக்கு எரிச்சலாக வந்தது.

“மனுசன் தின்னுகதக் கண்டா இவளுக்கு அதிசயமாத்தான் இருக்கும்.”

கிருஷ்ணமணி தொண்டையைச் செருமினார். “ஒண்ணு கேக்கட்டா? அந்த டாக்டரம்மா திருவனந்தபுரத்துல இருந்து நாகர்கோவிலுக்கு வாறவங்க. வெள்ளிக்கிழம இந்த நோய்க்காரங்கள மட்டுந்தான் பாப்பாங்க. போர்டு கெடையாது, பின்வாசல் வழியாத்தான் போவோம். பக்கத்து வீட்டுக்கே தெரியாது. எனக்க மோள அங்க பாத்தது யாரு?”

“வேற யாரு? எனக்க மோன்தான்! ஒரு நாளு பாத்தத வச்சுச் சொல்லல்ல, அண்ணாச்சி. எல்லா வெள்ளியும் பாத்திருக்கான்.”

வெற்றிப் பெருமிதத்தோடு நாகம்மை சுற்றிலும் பார்த்தாள். கிருஷ்ணமணி தரையைப் பார்த்தார். அபிதா மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அனீஷுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“போதும், எழும்பு மக்கா. வீட்டுக்குப் போயி நீ குளிக்கண்டாமா?”

அனீஷ் எழவில்லை. சோபாவின் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தான்.

“இல்லம்மா. தின்ன உடனே குளிமுறிக்குப் போகப்பிடாது, யாராவது கூட இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இவ்வளவு நாளும் நான் அங்க குளிக்கப் போகல்ல, தின்னதக் கக்கப் போனேன். வெள்ளிக்கிழம இவளுக்கு அடுத்த டோக்கன் எனக்குத்தான்.”